பல்லுக்காரம்மா நாக்கில் வைத்துப் பார்த்தவை

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கணக்கு இடிக்கிறதே என்று நினைக்க வேண்டாம். நாத்தனார் சின்ன வயதில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் எட்டு. எட்டுப் பேரும் என் கைச்சோற்றில் ஆளானவர்கள். ஒருவரும் சோடை போகவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. அன்னூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனேன். அதற்கப்புறம் தபால் கார்டில் நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை. இதைத் தை மாதம் ஆரம்பித்தேன். காலையில் காப்பி குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஐந்தாறு வரி நகரும். எனக்கென்ன அவசரம்.

எழுத வைத்தது என் மகள் வயிற்றுப் பேத்தி. பொங்கலுக்கு வந்தவள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். வெள்ளைக் கட்டி, தண்ணீரில் மிதந்தது. அதைச் சதுரம் சதுரமாக நறுக்கி, சிவப்பாக ஒரு குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அமுச்சி, இது சீனாச் சமையல். உங்களுக்குக் காரம் தாங்குமா?"

ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாக்கு மறக்கவில்லை.

"கல்லு மாவு போட்டு உறைய வெச்சிருக்காங்க கண்ணு. உப்புக் கசிவு போட்டிருந்தா இன்னும் இனிக்கும்" என்றேன்.

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மூன்று நாள் என்னைத் துளைத்தாள். வாயால் சொல்ல முடியாத ஒரு விஷயம் அதற்குள் இருந்தது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்குத் தெரிய வைத்தவர் பல்லுக்காரம்மா. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களில் யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டுக்காரர் சீனாப் பல் வைத்தியர். முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். போகிற வருகிறவர்களைப் பார்த்து அவை சிரித்துக்கொண்டிருக்கும். அதனால் அந்தம்மா பல்லுக்காரம்மா.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். என் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் பஞ்சு மண்டியில் வேலை. ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வரிசையாக மூன்று வீடு. நடுவில் நாங்கள்: நான், அவர், என் மாமியார். இந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா, மூன்று வீட்டுக்கும் சொந்தக்காரர், சுத்த சைவம், பல் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பக்கத்து வீடு காலியாக இருந்தது. மூன்றுக்கும் பின்னால் ஒரே பொடக்காலி. பின்கட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதில் ஒரு கிணறு, ஒரு ஆட்டுக்கல், வீட்டுக்காரம்மாவின் மாடு.

கிணற்றில் சப்பைத் தண்ணீர். துணி துவைக்க ஆகும், பருப்பு வேகாது. தெருமுனைக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வர ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. பல்லுக்காரம்மாவை நான் முதலில் பார்த்தது அந்தக் குழாயடியில்.

சாமான் ஏற்றிய வண்டி சந்துமுனையில் நின்றது. மேலே இரும்புக் கால் வைத்த ஒரு நாற்காலி கட்டியிருந்தது. ஒல்லியாக, கோட்டுப் போட்ட ஒருவர் கயிற்றை அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் காற்சட்டையும் கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டையுமாக ஒரு அம்மாள் இறங்கி நேராகக் குழாய்க்கு வந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நிற்கிறோம். அவர் எங்களைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுவிட்டு, கையில் தண்ணீரைப் பிடித்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கவில்லை. ஒரு குடம் நிறைகிற நேரம் அப்படியே நின்றார்.

"ஏனுங், வாய் கொப்புளிக்கவா இம்புட்டு நேரம்?" என்றார் என் மாமியார்.

பிறகு அந்த அம்மாள் விழுங்கினார். திரும்பித் தன் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். அதற்கப்புறம்தான் அந்த மனிதர் கயிற்றை அவிழ்த்தார்.

தமிழ் கொஞ்சம் வந்த பிறகு எனக்குச் சொன்னார். அதற்கு முன்னால் மூன்று ஊர். இரண்டில் தண்ணீர் சரியில்லை. மூன்றாவதில் தண்ணீர் நன்றாக இருந்தது, மனிதர்கள் போகச் சொல்லிவிட்டார்கள். "இந்தத் தண்ணி இனிப்புங்க. இங்க இறக்குங்கன்னு சொன்னேங்க. இனி வண்டி ஏற மாட்டேங்க."

அவர் தமிழ் கற்றது எங்கள் சந்தில். காதில் விழுந்தது எல்லாம் 'ங்க' போட்ட பேச்சு. 'ங்க' இல்லாமல் ஒரு சொல் முடியும் என்பதே அவருக்குத் தெரியாது. காக்காயைப் பார்த்து "போங்க" என்பார். மாடு வழியை மறித்தால் "தள்ளிக்கங்க" என்பார். அடுப்பு புகைந்தால் அதையும் "எரியுங்க" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். மாடு மட்டும் சிரிக்காமல் தள்ளி நிற்கும்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதுதான்: எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கண் சொன்னது, காது சொன்னது, ஊர் சொன்னது எல்லாம் அவருக்குப் பாதிக் கணக்குத்தான். "வாய்ல வெச்சா தெரியும்ங்க" என்பார்.

மிளகாய் வாங்க நான் ஒருநாள் அவரோடு தேர்முட்டிக் கடைக்குப் போனேன். நாமெல்லாம் நிறம் பார்ப்போம், குலுக்கி விதைச் சத்தம் கேட்போம். அவர் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு வற்றலை எடுத்து நுனியைக் கடித்து மென்றார். தண்ணீர் கேட்கவில்லை. மேலுதட்டில் வியர்வை பூத்தது. கடைக்காரர் பயந்து, "அம்மிணி, மயக்கம் கியக்கம் வந்துரப் போவுது, கொஞ்சம் வெல்லம் வாயில போடச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார். பல்லுக்காரம்மா ஐந்தாவது மூட்டையில் நின்றார்.

"அந்த நாலுலயும் கோபம் இருக்குங்க. ருசி இல்லைங்க. இது கோபப்பட்டுட்டு அப்புறம் பேசுதுங்க."

கடைக்காரர் அந்த மூட்டையை உள்ளே தள்ளி வைத்தார், தன் வீட்டுக்கு. அடுத்த தடவை நாங்கள் போனபோது எழுந்து நின்றார்.

இன்னொரு நாள் மலையிலிருந்து தேனும் சீயக்காயும் கொண்டுவந்து விற்கிற பெண்ணிடம் மிளகு போல ஒரு காய் இருந்தது. எதற்கு என்று கேட்டேன், பல்வலிக்கு என்றாள். பல்லுக்காரம்மா ஒன்றை வாயில் போட்டார். அவர் முகம் மாறியது. எனக்கும் ஒன்று கொடுத்தார். நாக்கு முழுக்க எறும்பு ஊர்ந்தது, பிறகு நாக்கே இல்லாதது போல ஆயிற்று. நான் "அக்கா, அக்கா" என்கிறேன், சொல் உருளுகிறது. அவர் சிரித்தார். அழுகிறாரோ என்று நினைக்கும்படி சிரித்தார். "எங்க ஊருங்க" என்று காயைக் காட்டினார். அந்தப் பெண்ணின் கூடையில் இருந்தது முழுவதையும் வாங்கிவிட்டார்.

அவர் செய்கிற அந்த வெள்ளைக் கட்டியை நான் முதலில் பார்த்தது பொடக்காலியில். கல்கத்தாவிலிருந்து ரயில் பார்சலில் அவருக்கு ஒரு மூட்டைப் பயறு வரும். மஞ்சளாக, உருண்டையாக, சின்ன மொச்சை போல இருக்கும். ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஆட்டுக்கல்லில் ஆட்டுவார். துணியில் பிழிந்தால் பால் வரும். சக்கையை மாட்டுக்கு வைப்பார். பாலைக் காய்ச்சி, பொங்கப் பொங்கத் துழாவி இறக்கி வைப்பார். அதற்கப்புறம் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை மாவு. அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க்கா அது?"

"பல்லு அச்சு எடுக்கற மாவுங்க. கல்லுங்க. சுட்டு அரைச்ச கல்லுங்க. எங்க ஊர்ல இதுல அச்சும் எடுப்பாங்க, இதுவும் செய்வாங்க."

அதைத் தண்ணீரில் கரைத்துப் பாலில் ஊற்றினார். மூடி வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சித்த நேரம் கழித்துத் திறந்தால் பால் இல்லை. வெள்ளை மேகமும் மஞ்சள் நீரும் தனித்தனியாக நிற்கின்றன. துளை போட்ட ஒரு மரப்பெட்டியில் துணி விரித்து, மேகத்தை அள்ளி வைத்து, மேலே அம்மிக் குழவியைப் பாரம் வைத்தார். நான் அன்னூரில் பன்னிரண்டு மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள். தயிரைப் பற்றி எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மாடே இல்லாமல் பால், மோரே இல்லாமல் உறை. வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன்.

"இது தோஃபுங்க. வாய்ல வெச்சா தெரியும்ங்க" என்றார்.

குழம்புக்கு அவர் வைத்திருந்த ஜாடி ஒன்று உண்டு. மொச்சையை வேகவைத்துப் பூசணம் பூக்க விடுவார். நம் வீட்டில் அப்படி ஆனால் குப்பையில்தான் போடுவோம். அதை உப்பிலும் அரைத்த மிளகாயிலும் போட்டு மாதக்கணக்கில் வெயிலில் வைப்பார். காற்று இந்தப் பக்கம் வீசினால் என் மாமியார் மூக்கில் முந்தானையை வைத்துக்கொள்வார். ஆனால் அந்த விழுதை நல்லெண்ணெயில் போட்டு, இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு அவர் வதக்கும்போது வரும் வாசம் வேறு. எண்ணெய் செந்தூரமாகப் பிரியும். அதில் வெள்ளைக் கட்டிகளைச் சரித்துவிட்டு, கரண்டியின் முதுகால் தள்ளித் தள்ளிக் கொதிக்க விடுவார். கிளறமாட்டார். கடைசியில் அந்த மலைக்காயை வறுத்துப் பொடித்துத் தூவுவார்.

நான் சாப்பிட்டேன். முதலில் சூடு. பிறகு காரம். காரம் உச்சிக்கு ஏறும் நேரத்தில் மலைக்காய் வந்து நாக்கை மரத்துப்போக வைக்கிறது. அந்த மரப்புக்கு நடுவில் வெள்ளைக் கட்டி ஒன்றுமே சொல்லாமல் கரைகிறது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினேன். நான் யாரிடமும் தட்டு நீட்டியவள் இல்லை.

அதற்கப்புறம் மாமியார் பகலில் கண்ணயரும் நேரமாகப் பார்த்துப் போவேன். எத்தனை நாள் போனேன் என்று எண்ணவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரம்மா மூன்று வீட்டுக்கும் ஒரே நிபந்தனை வைத்திருந்தார். "என்ற கட்டடத்துல கறி, மீன், முட்டை எதுவும் ஏறக்கூடாது." நாங்கள் கறி தின்கிறவர்கள்தான், ஆனால் அதை அன்னூர்த் தோட்டத்தில் வைத்துக்கொள்வோம். பல்லுக்காரம்மா இதைக் கேட்டு ஒருமுறை தலையாட்டினார். அவ்வளவுதான். அவர் ஊரில் இந்தக் குழம்பில் கொத்துக்கறி போடுவார்களாம். இங்கே ஊறுகாய் போட்ட முள்ளங்கியைப் பொடியாக நறுக்கிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பல் வைத்தியர் ஸ்டேஷன் பக்கம் போய்க் கறி தின்றுவிட்டு வந்தால், தெருமுனைக் குழாயில் வாய் கொப்புளித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். அந்த மனிதர் கோட்டை நனைக்காமல் குனிந்து கொப்புளிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் திரும்பி வந்தேன். மாமியார் விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, முந்தானையில என்ன செவப்பு?"

"மொளகாப்பொடிங்க அத்தை."

"நம்மூட்டு மொளகாப்பொடி எண்ணெயிலயா மெதக்குது?"

நான் முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினேன்.

"அந்தச் சீனாக்காரி ஊட்டுக்குள்ள போனயா?"

"வாசப்படியில நின்னனுங்க."

"என்னத்தையோ தின்னுபோட்டு வந்து நிக்கிற. உங்கொப்பனுக்கு ஆளனுப்பட்டுமா? வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

அந்தக் காலத்தில் அது சும்மா மிரட்டல் இல்லை.

"தின்னலீங்க அத்தை. தொடக்கூட இல்லீங்க. தட்டுல வெள்ளையா, கொழகொழன்னு, மூளையாட்ட ஏதோ இருந்துச்சுங்க. பாத்ததுமே கொமட்டிப்போட்டுது. ஓடியாந்துட்டனுங்க."

என் வாயில் அதன் ருசி இன்னும் இருந்தது. இருக்கும்போதே சொன்னேன்.

அன்று சாயங்காலம் மாமியார் குழாயடியில் யாருக்குச் சொன்னாரோ. மறுநாள் காலையில் அது ஆட்டு மூளை. அடுத்த நாள் மாட்டு மூளை. மூன்றாம் நாள், பல் பிடுங்க வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள். போகும்போது ஒருவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாலாம் நாள் வீட்டுக்காரம்மா பொடக்காலிக்கு வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"பல்லுக்காரம்மா, நெம்ப நல்லவங்கன்னு நெனச்சுப் போட்டனுங்க. வெள்ளிக்கிழமை வெளக்கு வெக்கிறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க."

பல்லுக்காரம்மா ஆட்டிக்கொண்டிருந்த குழவியை நிறுத்தினார். என்ன என்று அவருக்கு முதலில் புரியவில்லை. சந்தில் யாரோ சொல்லிப் புரிய வைத்தார்கள். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன், வரவில்லை. அன்று அவர் குழாயடிக்கு வந்து ஒரு வாய்த் தண்ணீரைப் பிடித்து நெடுநேரம் வைத்திருந்தார். அதைப் பார்க்க முடியாமல் என் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரம்மாவின் பின்வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

"அம்மாங்க. நாளைக்குக் காலையில உங்க கண்ணு முன்னால செய்றேங்க. நீங்க பாருங்க. அப்புறமும் போங்கன்னா போறேங்க."

வீட்டுக்காரம்மா யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. "என்ற கல்லு, என்ற சட்டி, என்ற வெறகு, என்ற கொழாத்தண்ணி. உங்கூட்டுல இருந்து அந்தப் பயறும் பெட்டியும் மட்டும் வரட்டும்."

"சரிங்க."

"அந்த நாத்த ஜாடியும் வேண்டாம்."

"சரிங்க. உங்க மொளகா, உங்க எண்ணெய்ங்க."

ஐப்பசி மாதம். வெள்ளிக்கிழமை விடிகாலை வரைக்கும் மழை. பொடக்காலியில் சந்தே கூடிவிட்டது. பல்லுக்காரம்மா ஊறிய பயறை ஆட்டினார். பிழிந்தார். சக்கையை ஓரமாக வைத்ததும் வீட்டுக்காரம்மாவின் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்திற்று.

"ஏனுங், உங்க மாடு இம்புட்டு நாளா மூளையா தின்னுது? ரெண்டு படி எச்சாக் கறக்குதுன்னு சொன்னீங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை, ஆனால் மாட்டைப் பார்த்தார்.

பால் காய்ந்தது. இறக்கி வைத்தார். சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"அதென்ன?" என்றார் என் மாமியார்.

"பல்லு மாவுங்க."

கூட்டம் ஒரு அடி பின்னால் போயிற்று. "எலும்புப் பொடி" என்றார் மாமியார். "பிடுங்கின பல்லை எல்லாம் என்ன பண்றாங்கன்னு இப்பத் தெரியுது பாருங்க."

கல் என்று அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. "பயறும் பெட்டியும் மட்டும்னுதான் பேச்சு" என்றார் வீட்டுக்காரம்மா.

பல்லுக்காரம்மா பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பால் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டால் உறையாது, எனக்குத் தெரியும். "உங்க வீட்டுல இருக்கறது ஏதாச்சும் குடுங்க" என்றார். எலுமிச்சை வந்தது. தொட்டு நாக்கில் வைத்தார். "உறையும்ங்க. ஆனா புளிக்கும்ங்க. அம்மாவுக்குப் புளிச்சதைக் குடுக்க மாட்டேங்க." புளித்தண்ணீர் வந்தது. வேண்டாம் என்றார். மோர் வந்தது. வேண்டாம் என்றார். இந்த நேரத்தில் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று நான் நினைத்தேன்.

பின்தாழ்வாரத்து மூலையில் மூன்று கல்லின் மேல் வீட்டுக்காரம்மாவின் உப்புப் பானை இருந்தது. மழைக்காலத்தில் கல்லுப்பு கசியும். அடியில் ஒரு துளை, கீழே ஒரு கொட்டாங்குச்சி. அதில் சேரும் நீரை நாம் தூரக் கொண்டுபோய் ஊற்றுவோம், செடியில் பட்டால் செடி கருகிவிடும். பல்லுக்காரம்மாவின் கண் அந்தக் கொட்டாங்குச்சியில் நின்றது. எட்டி விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கிற்று. விரலை மறுபடி தோய்த்தார். சுருங்கிய முகம் மெல்ல விரிந்தது.

"இதுங்க."

"அட கெரகமே, அது வெசமாட்டக் கசக்குமே" என்றார் வீட்டுக்காரம்மா.

"கசக்கும்ங்க. எங்க அம்மா பொறந்த ஊர்ல இதாங்க."

அளவு தெரியாது. இந்த ஊர் உப்பு அவருக்குப் புதிது. ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து, பாலின் மேல் வட்டமாக விட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னும் அரைக் கரண்டி. மூடினார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மாடு சக்கையை மெல்லும் சத்தம் மட்டும். அவர் கை மடியில் அசையாமல் இருந்தது, ஆனால் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. இவர் இனி வண்டி ஏறமாட்டேன் என்று சொன்னவர்.

என் வாய் தானாகத் திறந்தது.

"அது பயறுதானுங்க" என்றேன். "நான் தின்னிருக்கேனுங்க."

மாமியார் திரும்பினார். "என்ன சொன்ன?"

"தின்னிருக்கேனுங்க அத்தை. ஒருக்கா இல்லீங்க. எண்ணலீங்க. அதுல கறி இல்லீங்க, மூளை இல்லீங்க. எங்கொப்பனுக்கு ஆளனுப்பறதுன்னா அனுப்பிக்கங்க."

பல்லுக்காரம்மா என்னைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தார்.

மேகம் நின்றிருந்தது. கல்லு மாவில் வருவதை விட வெள்ளை.

பெட்டியில் வைத்துக் குழவி ஏற்றி, வீட்டுக்காரம்மாவின் மிளகாயை அரைத்து, அவருடைய எண்ணெயில் வதக்கிக் குழம்பாக்கினார். முதல் துண்டை ஒரு தொன்னையில் வைத்து வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாயில் போட்டுக்கொண்டார். பல் இல்லாத வாய் இரண்டு தடவை அசைந்து நின்றது. கண்ணில் தண்ணீர் கோத்தது. மூக்கைத் துடைத்தார்.

"காரம் என்ற மொளகா" என்றார். "ஆனா இது... பல்லு இல்லாத வாய்க்குன்னே செஞ்சாப்பல இருக்குது." தொன்னையை மறுபடி நீட்டினார். "இன்னுஞ் சித்தப் போடுங்க."

அதோடு முடிந்திருக்கலாம். மூன்றாவது துண்டு தின்ற பிறகு வீட்டுக்காரம்மா தொன்னையைக் கீழே வைத்தார்.

"அப்பொறம் மூளைன்னு மொதல்ல சொன்னது யாரு?"

குழாயடிப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். என் மாமியார் என்னைப் பார்த்தார். தின்றேன் என்று சொல்லத் துணிந்த எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. தின்றது ஆசை. இது வேறு. சொன்னால் இனி அந்தச் சந்தில் என் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். எனக்கு அப்போதே பெருமை ஜாஸ்தி.

"நாந்தாங்க" என்றார் பல்லுக்காரம்மா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எங்க ஊர்ல இதைப் பார்த்தா அப்படித்தாங்க சொல்வோம். வெளையாட்டுக்குங்க. நாந்தாங்க சொன்னேன், யாரோ கேட்டுட்டாங்க." கரண்டியை எடுத்து எனக்கு ஒரு துண்டு வைத்தார். "சாப்பிடுங்க அம்மணிங்க. ஆறிப்போகும்ங்க."

நாக்கில் வைத்துப் பார்க்காமல் எதையும் விழுங்காதவர், என் பொய்யை அப்படியே எடுத்து விழுங்கிவிட்டார். நான் தின்றேன். அதன் ருசியை என்னால் எழுத முடியாது.

மாமியார் என் அப்பாவுக்கு ஆள் அனுப்பவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், "அந்தக் கட்டிக் கொழம்பு என்னத்துக்கோ வயித்துக்கு நல்லதாம், வீட்டுக்காரம்மா சொன்னாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். வீட்டுக்காரம்மா கடைசி வரை பல் கட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தாழ்வாரத்துக் கொட்டாங்குச்சி நிறைந்தால் ஆள் விட்டுப் பல்லுக்காரம்மாவுக்கு அனுப்புவார். என் அப்பா அந்தப் பயறை ஒரு கைப்பிடி அன்னூரில் விதைத்துப் பார்த்தார். முளைத்தது. ஆடு தின்றுவிட்டது.

நாலு வருஷம் இருந்தார்கள். அவர்கள் நாட்டில் சண்டை. கடுதாசி வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. கல்கத்தாவில் சொந்தக்காரர்களோடு இருந்தால் செய்தியாவது தெரியும் என்று கிளம்பினார்கள். அந்த வண்டியில் யாரும் ஏறச் சொல்லவில்லை. அவராகத்தான் ஏறினார்.

அன்று குழாயடிக்கு வந்து ஒரு வாய்த் தண்ணீர் பிடித்தார். வந்த அன்று போலவே நின்றார். என் இடுப்பில் மூத்தவன், குழாயின் கீழே என் குடம். துளை போட்ட மரப்பெட்டியை என் கையில் கொடுத்தார். அதில்தான் இன்று என் மாத்திரைகளை வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக மனதில் உருட்டி வைத்திருந்ததை அன்று சொல்லியே தீர்வது என்று இருந்தேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த மூளை..."

"குடம் வழியுதுங்க அம்மணிங்க" என்றார்.

வழிந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குனிந்து குழாயை மூடினேன். நிமிர்ந்தபோது வண்டி சந்துமுனையில் திரும்பிவிட்டது.

எட்டுப் பேரை வளர்த்தேன். ஒருவர் பொய் சொன்னாலும் அன்று சோறு கிடையாது என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தவள் யார் என்று அவர்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன். கை வலிக்கிறது.

எங்கே, கண்ணு, இப்படி வந்து உட்காரு. என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுமையாப் படிச்சுக் காட்டு. சுவத்துல எங்க அத்தை படம் இருக்குது பாரு. அவங்களுக்கு அன்னிக்கே தெரியும், ஆனா நான் ஒத்துக்கிட்டு அவங்க கேட்டதில்லை. மூளைன்னு மொதல்ல சொன்னது நான்தான்னு வர்ற எடத்துல குரலைத் தாழ்த்திராதே. அவங்களுக்குக் கேக்கறாப்பலயே படி.